யாரும் வாசிக்கலாம்

தொம்மை அண்ணாச்சி அன்றைக்கு மட்டி வாங்கவில்லை.

அந்தோணியார் முனையில் அப்படி ஒரு நாளை யாரும் பார்த்ததில்லை. ஏரலைத் தாண்டி, வாழைத் தோட்டங்களையும் உப்பளங்களையும் கடந்து, தாமிரபரணி களைத்துப்போய்க் கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். ஆற்றுவாயில் தண்ணீர் வற்றத் தொடங்கினால் பெண்கள் இறங்கிவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீர். இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் மிதக்கிற அலுமினிய அண்டா. சேற்றுக்குள் கால்விரல்களால் துழாவிப் போகவேண்டும். விரலில் மட்டிச் சிப்பி தட்டுப்பட்டதும் மூச்சை அடக்கி முங்கி, அள்ளி அண்டாவில் போடவேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, காலுக்குத்தான் எல்லாம். உடைந்த சிப்பி பாதத்தைக் கீறும். உப்புத் தண்ணீர் அந்தக் கீறலைத் தேடி வரும். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் பறந்து கண்ணையும் கரிக்கும். மூட்டை கட்டிக் கரையேறினால் தராசோடு தொம்மை நிற்பார். வண்டி வரும். மட்டி கொச்சிக் கம்பெனிக்குப் போகும்.

"எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போங்கம்மா. இன்னைக்கு எடுக்கல" என்றார் தொம்மை.

"என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணிட்டா?" என்று கேட்டாள் ஜெசி. முங்கி எழுந்த ஈரம் இன்னும் அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"வண்டிக்கு என்ன கேடு? முனை மட்டியே வேண்டாம்ங்கான் கம்பெனிக்காரன். இதுல காரீயம் இருக்காம், விசமாம்."

"காரீயமா? எவன் சொன்னான்?"

தொம்மை கூட்டத்தில் நின்ற பாக்கியத்தைப் பார்த்தார். "ஒம் மவகிட்டக் கேளு பாக்கியம். அவளும் அவ சாரும்தான் எழுதியிருக்காவ."

அவர் நீட்டிய போனில் முழுக்க இங்கிலீஷ். பாக்கியத்துக்குத் தமிழில் செபப் புத்தகம் வாசிக்க வரும், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு படம் இருந்தது. அலுமினிய அண்டா நிறைய மட்டி. விளிம்பில் நசுங்கிய இடத்தில் நீலத் துணி சுற்றியிருந்தது. அந்தத் துணியைச் சுற்றியது அவள்தான். அந்த அண்டா இப்போதும் அவள் இடுப்புக் கயிற்றில்தான் கிடந்தது.

பெண்கள் மூட்டைகளோடு நின்றார்கள். யாரும் பாக்கியத்தோடு பேசவில்லை. அவளாகவே தன் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பாக்கியத்தின் புருஷன் வில்சன் கொச்சிப் பக்கம் விசைப்படகில் வேலை. கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்கு வருவார். மகன் அஜின் தூத்துக்குடித் துறைமுகத்தில். அவன் பெண்டாட்டி லிண்டா ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி, மாமியாரோடு இருந்தாள். மகள் ஸ்டெஃபி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. காலையில் முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவாள். முனையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற முதல் பெண் அவள். திருவிழாவில் கொடி பிடிக்கிற இடம்கூட அதனால் அவளுக்குக் கிடைத்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாக்கியம் கேட்டாள்.

"என்னத்த எழுதி வச்சிருக்க ட்டி? ஊரே எம் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கு."

ஸ்டெஃபி பையை இறக்கவில்லை. தெரிந்துவிட்டது என்று அவள் முகம் சொன்னது. வருத்தமா, ஆறுதலா என்று பாக்கியத்தால் பிரிக்க முடியவில்லை.

"அது சார் எழுதுன கட்டுரைம்மா. நான் சாம்பிள் எடுத்தேன், கூட எழுதுனேன்."

"கட்டுரை எழுதுனா பெட்டியில பூட்டி வைக்க வேண்டியதான? எதுக்கு ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டுதிய?"

"காட்டித்தாம்மா ஆவணும். கவர்மெண்டு பணம் குடுத்து ஆராய்ச்சி பண்ணச் சொல்லுது. ஜனங்க பணம்ங்கதால, கண்டுபிடிச்சத யாரும் காசில்லாம வாசிக்க மாதிரி பொதுவுல வச்சிரணும்னு விதி. வச்சா ஒரு நம்பர் வரும். அந்த நம்பர வருச ரிப்போர்ட்டுல எழுதணும். இல்லன்னா அடுத்த தவணைப் பணம் வராது. சார் மறந்துட்டாவ. டெல்லியில இருந்து கேட்டு எழுதுன பெறகுதான் ஏத்தச் சொன்னாவ. நான்தான் ஏத்துனேன்."

"ஏத்துனவளுக்கு எறக்கத் தெரியாதா? அழிச்சிரு அத."

"அழிக்க முடியாதும்மா."

"அப்ப மட்டியில காரீயம் இருக்கது நெசமா?"

ஸ்டெஃபி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். உள்ளே லிண்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகப் பாக்கியம் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டி வேகவைத்த தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுச் சூப்பு வைப்பாள். பிள்ளைக்கு எலும்பு பிடிக்கும் என்று முனையில் எல்லா மாமியார்களும் செய்கிற காரியம்.

"வெள்ளிக்கிழம சாரே வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்காவ. அதுவரைக்கும் மைனிக்கு சூப்பு வைக்காண்டாம்" என்றாள் ஸ்டெஃபி. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பாக்கியத்துக்கு அது அன்று உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் முற்றத்தில் பந்தல் துணி கட்டினார்கள். கச்சான் அதைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பேராசிரியர் தேவசிகாமணி வெள்ளைச் சட்டையில் காரிலிருந்து இறங்கினார். முனைக்கு அவர் புதியவர் இல்லை. ஆராய்ச்சி தொடங்கிய வருசம் வந்திருக்கிறார். பாக்கியம் வீட்டில் உட்கார்ந்து மட்டிப் பொரியலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, விரலைச் சூப்பி, "இதுக்கு ஈடு ஒண்ணும் கெடையாதும்மா" என்று சொன்னவர்.

"சகோதரிகளே, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். "இது ஒரு ஆரம்பக்கட்ட ஆய்வு. சாம்பிளை எடுத்து ஐஸ்ல வச்சுக் கொண்டு வரணும், பாத்திரம் சுத்தமா இருக்கணும். பிள்ளைங்க கவனக்குறைவுல சில நேரம் பிசகு வந்துரும். அலுமினியப் பாத்திரத்துல எடுத்தா வேற உலோகமும் சேர்ந்து வரலாம் பாத்துக்கோங்க. ஸ்டெஃபி சின்னப் பிள்ள. நான் அந்தக் கட்டுரைய எடுத்திருவேன்."

எல்லாத் தலையும் ஸ்டெஃபி பக்கம் திரும்பியது. அவள் தூணோடு தூணாக நின்றாள்.

"அப்ப நம்ம மட்டி நல்ல மட்டிதான், என்ன சார்?" என்றாள் ஜெசி. கையில் தட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு எடுத்த மட்டியைத் தேங்காய் போட்டுப் பொரித்துக் கொண்டு வந்திருந்தாள். "நீங்க ஒரு வாய் போடுங்க சார். நீங்க தின்னியன்னு சொன்னா தொம்மை அண்ணாச்சியும் நம்புவாவ, கொச்சிக்காரனும் நம்புவான்."

தேவசிகாமணி கையைக் குவித்தார். "வெள்ளிக்கிழமை எனக்கு உபவாசம்மா. தண்ணியத் தவிர ஒண்ணும் தொடமாட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

என்ன பக்தியான மனுசர் என்று கிழவிகள் சொல்லிக்கொண்டார்கள். கார் கிளம்பிப் போனது. ஜெசி தட்டோடு ஸ்டெஃபிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"படிக்க அனுப்புனா ஒழுங்காப் படிக்கணும். ஐஸு போட்டு வைக்கத் துப்பில்ல, நீ டாக்டராவி என்னத்தக் கிழிக்கப் போற?"

பாக்கியம் குறுக்கே போகவில்லை. அவளுக்கும் அதே கோபம்தான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு மகளை வாயில் வந்தபடியெல்லாம் ஏசினாள். கையோங்கவும் செய்தாள். ஸ்டெஃபி சுவரைப் பார்த்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனாலும் வண்டி வரவில்லை. கட்டுரையை எடுத்தாகிவிட்டது என்று கல்லூரித் தாளில் எழுதிக் கொடுத்தால் கம்பெனியில் காட்டிப் பார்க்கலாம் என்றார் தொம்மை. அதை வாங்கிவரும் பொறுப்பைப் பெண்கள் பாக்கியத்தின் தலையில் வைத்தார்கள். கெடுத்தவள் அவள் மகள் அல்லவா? திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மகளோடு அவளும் ஏறினாள்.

கல்லூரிக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. வேப்ப மரங்களும் சிவப்புக் கட்டிடமும் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தன. ஸ்டெஃபியின் துறைக்குப் போகிற வாசலில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பேராசிரியர் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் நீலத் துணி சுற்றிய அண்டா. அண்டா நிறைய மட்டி.

"இது என்னத்துக்கு ட்டி?"

"சும்மா... பாராட்டு" என்றாள் ஸ்டெஃபி. நிற்காமல் நடந்தாள்.

தாழ்வாரத்தில் மருந்து நாற்றம். கண்ணாடிச் சாடிகளில் வெளிறிப்போன மீன்கள் தலைகீழாக நின்றன. பாக்கியத்தை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஸ்டெஃபி உள்ளே போனாள். ஜன்னல் திறந்திருந்தது. பெஞ்சு அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்தது.

"வா ஸ்டெஃபி. ரிப்போர்ட்ட சீக்கிரம் முடிச்சிரணும். வெளியீடுங்கிற எடத்துல முதல் வரியா மட்டிக் கட்டுரையப் போடு. பொதுவுல வச்ச நம்பரையும் போடு. இந்த வருசம் உருப்படியா வந்தது அது ஒண்ணுதான்."

"சார், எடுத்திருவேன்னு ஊர்ல சொன்னீங்களே..."

"எடுத்தா டெல்லிக்கு எதக் காட்டுறது? உன் தலையவா?" அவர் சிரித்தார். "ஊர்க்காரங்களுக்கு ஒரு லெட்டர் வேணும், அவ்வளவுதான? எடுத்துட்டோம்னு தமிழ்ல அடி, கையெழுத்துப் போட்டுத் தாரேன். அவங்க என்ன தேடிப் பாக்கவா போறாங்க?"

"சாம்பிளை நான் கெடுத்துட்டேன்னு சொல்லிட்டீங்க சார். ஊர்ல தல நிமிர முடியல."

"அது ஊருக்குச் சொன்னது. கட்டுரையில உன் பேரு ரெண்டாவதா இருக்கா இல்லையா? சாம்பிளக் கெடுத்தவ பேர ரெண்டாவதாப் போட எனக்கென்ன கோட்டியா? உன்ன மாதிரி சுத்தமா எடுத்த பிள்ள இந்த டிபார்ட்மெண்டுலயே கெடையாது. ரெண்டு மூணு மாசம் பொறு. ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடணும்ல?"

பாக்கியம் எழுந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

தேவசிகாமணி ஒரு கணம் திகைத்து, உடனே எழுந்து நாற்காலியைக் காட்டினார். "வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"அப்ப மட்டியில விசம் இருக்கது நெசந்தான், என்ன சார்?"

"விசம்னு சொல்லப்படாதும்மா. அனுமதிச்ச அளவுக்கு மேல கொஞ்சம்..."

"பிள்ளத்தாச்சி திங்கலாமா?"

அவர் ஸ்டெஃபியைப் பார்த்தார். ஸ்டெஃபி தரையைப் பார்த்தாள்.

"தவிர்க்குறது நல்லது" என்றார்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆய்வுன்னா அதுக்கு ஒரு முறை இருக்கும்மா. கட்டுரை வெளிய வரதுக்கு முன்னால சொல்லிட்டா பத்திரிகைக்காரன் போடமாட்டான்..."

"எப்பத் தெரியும்ங்கேன்?"

"போன வருசம் ஈஸ்டருக்கு முன்னால ரிசல்ட் வந்தது."

பாக்கியம் அவர் கைகளைப் பார்த்தாள். வெள்ளையான, நகம் வெட்டிய கைகள். இந்த விரல்களைத்தான் அவள் வீட்டில் உட்கார்ந்து அவர் சூப்பினார். அது ரிசல்ட் வருவதற்கு முந்தி. கோயில் முற்றத்தில் குவித்ததும் இதே கைகள்தான்.

"அன்னைக்கு ஒங்களுக்கு உபவாசம்லாம் ஒண்ணுங் கெடையாது, என்ன சார்?"

தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் ஒரு அடி முன்னால் வந்தாள். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் நல்லது, உமக்கு மட்டும் ஆகாது, அதற்குச் சாமியை வேறு துணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர் என்று கேட்க வாயெடுத்தாள். எடுத்தவளுக்கு வேறொன்று தட்டியது. அது தட்டியதும் அவரை மறந்துபோனாள்.

பையத் திரும்பினாள்.

"நீயும் திங்கலையே ட்டி."

ஸ்டெஃபியின் கண்கள் நிறைந்தன.

"போன வருசத்துல இருந்து நீ மட்டி தொடல. வவுத்துக்கு ஒத்துக்கிடலன்னு சொன்ன. ஊறுகாயத் தொட்டுக்கிட்டுச் சோறு தின்ன. மெலிஞ்சு போறாளேன்னு நான் ஒனக்குத் தனியா முட்டை பொரிச்சுத் தந்தேன். நாங்க தின்னோம். லிண்டா குடிச்சா. நீ பாத்துக்கிட்டு இருந்த."

"அம்மா..."

"எனக்கு லெட்டர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் வெளியே நடந்தாள். ஸ்டெஃபி பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். பேராசிரியர் கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. பாக்கியம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்தபோது சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். வெளியே ஆறு சாலையோடு கூடவே வந்தது. கச்சான் வாழை இலைகளை நாராகக் கிழித்துப் போட்டிருந்தது.

"சொன்னா ஆய்வேட்டத் தூக்கிப் போட்டுருவேன்னு சார் சொன்னாவம்மா" என்று ஸ்டெஃபி ஆரம்பித்தாள். "ஆறு வருசம். ஒன் கால் கிழிஞ்ச காசுல படிச்ச ஆறு வருசம். எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு நாள் மைனி குடிக்கப் போன சூப்பக் காலால தட்டி விட்டேன், ஓர்ம இருக்கா? கண்ணு தெரியலையான்னு நீ ஏசுன. தெனமும் தட்டி விட முடியுமாம்மா?"

பாக்கியம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொதுவுல ஏத்துன்னு சார் சொன்ன அன்னைக்கு ஒரு நிமிசங்கூட நான் பிந்தல. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். யாராவது வாசிப்பான், நான் சொல்ல முடியாதத அது சொல்லிரும்னு நெனச்சேன்."

அதைக் கேட்டதும்தான் பாக்கியம் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒலகத்துல கெடக்கவனுக்கெல்லாம் இங்கிலீசுல சொல்லியிருக்க. அடுப்படியில நிக்க எனக்குத் தமிழ்ல சொல்ல ஒனக்கு வாய் வரல."

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் பாக்கியம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். காலையில் குடித்த காப்பிதான். ஸ்டெஃபி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒருத்தியிடம் கேட்டு வாங்கி வாய் கொப்பளித்தாள்.

லிண்டாவிடம் பாக்கியமே சொன்னாள். லிண்டா எழுந்துபோய்க் கிணற்றடியில் உப்பைப் போட்டு வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அஜின் வந்து தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் பிள்ளை நன்றாக அசைகிறது, இனி மட்டி ஆகாது, பால் நிறையக் குடிக்கவேண்டும், இரத்தத்தில் இருப்பது குறைகிறதா என்று மாதாமாதம் பார்க்கவேண்டும் என்றாள் டாக்டரம்மா. லிண்டா அங்கிருந்தே தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஸ்டெஃபி அவள் கையைப் பிடிக்க வந்தாள். லிண்டா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாக்கியம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். மட்டியைத் தின்னாதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், சாரு சொன்னது பொய் என்று சொன்னாள். சிலர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

"மவ பேரு கெட்டுப்போச்சுன்னு சார் மேல பழியத் தூக்கிப் போடுத" என்றாள் ஜெசி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே இருந்தாலும் வேற என்ன பொழப்பு இருக்கு மைனி நமக்கு? சொல்லேன்."

பாக்கியம் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

வழியைத் தொம்மை கொண்டுவந்தார். சாக்கில் வேறு ஊர்ப் பெயரை எழுதி, வேறு கம்பெனிக்கு வள்ளியூர் வழியாக அனுப்பிவிடலாம். விலை கொஞ்சம் குறையும், ஆனால் தினமும் எடுத்துக்கொள்வான் என்றார். பெண்கள் சரி என்று தலையாட்டினார்கள். மறுநாள் தண்ணீர் வற்றியதும் அண்டாக்கள் பழையபடி ஆற்றில் மிதந்தன. பாக்கியம் கரையில் நின்று பார்த்தாள்.

"எறங்கி வா மைனி" என்று தண்ணீரில் இருந்து ஜெசி கூப்பிட்டாள். "நாமளா திங்கப் போறோம்? பிள்ளைகளுக்கு இனிமே குடுக்க மாட்டோம். எவனோதான திங்கான், எங்கனயோ."

பாக்கியம் உடனே கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நொடி அவள் இறங்கத்தான் பார்த்தாள். வீட்டில் அரிசிப் பானை காய்ந்து கிடந்தது. கால் தன்னால் தண்ணீர்ப் பக்கம் போனது. கணுக்கால் நனைந்தபோது அவள் நினைப்பில் லிண்டா வந்தாள், கிணற்றடியில் வாயைத் தேய்த்த லிண்டா. எங்கோ ஒரு மாமியார் மிளகும் பூண்டும் தட்டிக்கொண்டிருப்பாள். எவனோ என்று ஜெசி சொன்னதும், அடுப்படியில் நின்று தன் மகள் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒன்றுபோலப் பட்டது அவளுக்கு. தன்மேலேயே அருவருப்பு வந்தது. காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

ஸ்டெஃபி அன்றைக்குக் கல்லூரிக்குப் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் போகவே இல்லை. ரிப்போர்ட் பாதியில் நின்றது. பாக்கியம் அவளோடு முகம்கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது.

"ஏட்டி, போன எடு. அந்தக் கட்டுரை அதுல வருமா?"

"வரும்."

"எந்திரி."

கரையோர வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. மூட்டைகள் பாதி ஏறியிருந்தன. வள்ளியூரிலிருந்து வந்த டிரைவர் தாணுமாலையன், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். தொம்மை கறுப்பு மையால் சாக்குகளில் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பாக்கியத்தைப் பார்த்ததும் மைக்குச்சியைக் கீழே வைத்தார்.

"டிரைவர் அண்ணாச்சி, இது எந்த ஊரு மட்டின்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று கேட்டாள் பாக்கியம்.

"சாக்குல எழுதியிருக்கே" என்றார் அவர்.

"அது பொய். இது இந்த ஆத்துவாய் மட்டி. ஸ்டெஃபி, வாசி."

ஸ்டெஃபி போனில் கட்டுரையைத் திறந்தாள். சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஈரச் சேலையோடு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். "சாருக்குத் தெரிஞ்சா கையெழுத்துப் போடமாட்டாவம்மா" என்று மெல்லச் சொன்னாள். கெஞ்சுகிற குரல் இல்லை. நடக்கப்போவதைச் சொல்கிற குரல்.

"தெரியும். வாசி."

ஸ்டெஃபி வாசித்தாள். இங்கிலீஷில் ஒரு வரி பார்த்துத் தமிழில் ஒரு வரி சொன்னாள். எந்த இடத்தில் மட்டி எடுத்தது, எப்படிக் கழுவியது, எதில் வைத்தது, எவ்வளவு காரீயம் இருந்தது, எவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தின்னக்கூடாது என்ற வரி வந்தபோது குரல் உடைந்தது. நிறுத்தித் திரும்பவும் அந்த வரியைச் சொன்னாள். "சாம்பிளை நான் கெடுக்கல" என்றாள் கடைசியில். அது கட்டுரையில் இல்லை.

தாணுமாலையன் கிளாசில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார்.

"எறக்கிருங்க அண்ணாச்சி" என்றார் தொம்மையிடம்.

"ஏ வே, இவ பேச்சக் கேட்டா..."

"எனக்கு எதுக்கு வே வம்பு? வழியில எவனாவது பிடிச்சான்னா உள்ள போறது நீரா நானா? என் வண்டி, என் லைசென்சு. எறக்கும்."

மூட்டைகள் இறங்கின. தொம்மை பாக்கியத்தின் காலடியில் காறித் துப்பினார். பெண்கள் தங்கள் மூட்டைகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் கவிழ்த்தார்கள். எடுக்க எவ்வளவு நேரம் முங்கினார்களோ, கொட்டுவதற்கு நொடிகூட ஆகவில்லை. ஜெசி வெறும் சாக்கைச் சுருட்டிப் பாக்கியத்தின் மேல் எறிந்தாள்.

"எங்க வவுத்துல அடிச்சிட்டியே! நீ நல்லாருப்பியா? ஒன் வம்சம் வெளங்குமா?"

வம்சம் என்றதும் பாக்கியத்துக்கு லிண்டாவின் வயிறு நினைப்பில் வந்தது. சாக்கை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். "ஆமாட்டி, அடிச்சிட்டேன்" என்றாள். நாளை இவர்கள் எதைத் தின்பார்கள், தான் எதைத் தின்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெரு வழியாகத் தாயும் மகளும் நடந்தார்கள். ஸ்டெஃபி இரண்டடி பின்னால் வந்தாள். வாசல்களில் நின்றவர்கள் சிலர் உள்ளே போனார்கள், சிலர் நின்று முறைத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒருத்தி அடுப்பிலிருந்த சட்டியைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்து சாக்கடையில் கவிழ்த்தாள். மட்டிக் குழம்பு ஆவி பறக்க ஓடியது.

ஸ்டெஃபியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"சார்" என்றாள். "ரிப்போர்ட்டுக்குக் கடைசி நாள் இன்னைக்கு. ஊர்ல இருந்தும் யாராவது சொல்லியிருப்பாவ. என்னம்மா சொல்லட்டும்?"

பாக்கியம் நின்றாள். மகளை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க முடியுமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள போயிப் பேசாண்டாம். இங்கனயே நின்னு பேசு" என்றாள். "தமிழ்ல பேசு. தெருவுக்கே கேக்கணும்."